எரிந்த மண்ணில் பிராகோ நட்ட கொக்கோ

அபெனா பிராகோ கல்யாணமாகி அகிசிக்ரோமுக்கு வந்த புதிதில், அவளுக்குச் சமைக்கத் தெரியாது என்பதுதான் ஊரெல்லாம் பேச்சு. அது பொய்யும் இல்லை. அவள் வைக்கும் பனங்கொட்டைக் குழம்பில் எண்ணெய் ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாக நிற்கும். கணவன் குவாகூ என்சியா வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவான். அவனுடைய தங்கை டூஃபியேதான் சும்மா விடமாட்டாள்.

"எம் பொண்டாட்டி வைக்கிற குழம்புல ஈ கூட விழாது. அதுக்கும் உசுரு மேல ஆசை இருக்கும்ல."

அண்ணன் கட்டிக்கொண்டு வந்தவளைத் தங்கையும் பொண்டாட்டி என்றுதான் கூப்பிடுவாள், அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. பிராகோ பதிலுக்கு அவளைப் புருஷா என்பாள்.

"புருஷா, பிடிக்கலன்னா நீ வந்து ஃபுஃபுவுக்குக் கிழங்கு இடி. உலக்கை சும்மாத்தான் கிடக்கு."

ஆனால் வெட்டுக்கத்தியைக் கையில் கொடுத்தால் பிராகோ வேறு ஆள். என்சியாவுக்கு ஊர்த்தலைவர் ஒதுக்கிக் கொடுத்த காட்டை அவர்கள் இருவரும்தான் திருத்தினார்கள். நிழலுக்கு வேண்டிய பெரிய மரங்களை விட்டுவிட்டு மற்றதை வெட்டிச் சாய்த்தார்கள். முதலில் வாழை, வாழைக்கு அடியில் சேம்பு, அது தழைத்து நிழல் கட்டிய பிறகு கொக்கோ விதை. மூத்த மகள் அக்யா பிராகோவின் முதுகில் துணிக்கட்டுக்குள் தூங்கிக்கொண்டேதான் அந்தத் தோப்பைப் பார்த்து வளர்ந்தாள். அவள் சொந்தக் காலில் ஓடித் திரியும் வயதில் மரங்கள் காய்த்தன. தண்டிலிருந்தே நேராகத் தொங்கும் மஞ்சள் காய்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு என்சியா மரத்துக்கு மரம் நடப்பான். எதிரே யார் வந்தாலும் "என் தோட்டத்தப் பாத்தியா?" என்பான். பின்னால் கூடையோடு வருகிறவள் "நம்ம தோட்டம்" என்று திருத்துவாள். அவன் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவான்.

எண்பத்து மூன்றாம் வருஷம் மழை பொய்த்தது. வடக்கேயிருந்து வரும் வறண்ட காற்று வழக்கமாகச் சில வாரம் உதட்டை வெடிக்க வைத்துவிட்டுப் போய்விடும். அந்த வருஷம் வந்த காற்று போகவே இல்லை. கொக்கோ மரங்கள் இலையைக் கொட்டின. தோப்புக்குள் கணுக்கால் புதையும் அளவுக்குச் சருகு, காலை வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. காட்டெலி பிடிக்கப் போன எவனோ பொந்தில் புகை போட்டான் என்றார்கள். பனங்கள் இறக்குகிறவன் அணைக்காமல் விட்டுவிட்டான் என்றும் சொன்னார்கள். யாராக இருந்தால் என்ன, ஒரு மதியம் மேற்கே வானம் பழுப்பாகி, பறவைகள் எல்லாம் ஒரே திசையில் போயின.

பிராகோவும் டூஃபியேவும் தோப்புக்கு ஓடிச் சேர்ந்தபோது என்சியா பச்சைக் கிளையை ஒடித்து வைத்துக்கொண்டு நெருப்பை அடித்துக்கொண்டிருந்தான். இங்கே அடித்தால் அங்கே பிடித்தது. அங்கே ஓடினால் அவன் முதுகுக்குப் பின்னால் பிடித்தது.

"அக்யா அப்பா, அத விடுங்க" என்று பிராகோ கத்தினாள். "ஓடைப் பக்கம் வாங்க. அந்த மூலைய மட்டும் பாப்போம்."

"எத விடச் சொல்ற? எங் கையால வெச்ச மரம்."

"எல்லாமே நம்ம கையால வெச்சதுதான். எல்லாத்தையும் பிடிக்கப் போனா ஒண்ணுமே நிக்காது."

அவன் வரவில்லை. அவள் காத்திருக்கவும் இல்லை. ஓடைக்கரையில் சருகே இல்லாமல் ஒரு தடம் வழிக்கத் தொடங்கினாள். கையால் வாரினாள், கிளையால் பெருக்கினாள், கடைசியில் இடுப்புத் துணியை அவிழ்த்து அதால் கூட்டித் தள்ளினாள். டூஃபியே எதிர்ப்பக்கத்திலிருந்து வழித்துக்கொண்டே வந்தாள். தீ அந்தத் தடம் வரைக்கும் வந்து, தாண்ட வழியில்லாமல், கரையோரமாகவே நகர்ந்து போயிற்று. புருவம் கருகி என்சியா வந்து சேர்ந்தபோது ஓடையோரம் சில மரங்கள் பச்சையாக நின்றன. மற்ற இடமெல்லாம் காய்கள் சூட்டில் வெடித்துக்கொண்டிருந்தன. வறுத்த கொட்டையின் வாசம் எழுந்தது, நல்ல வாசம். அதனால்தான் அவனுக்கு அழுகை வந்தது.

அதன் பிறகு வந்தது பசி. நைஜீரியாவில் பிழைக்கப் போனவர்களை அந்த நாடு ஒரே மூச்சில் விரட்டியடிக்க, கட்டம் போட்ட பைகளோடு அவர்களும் வந்து இறங்கினார்கள். இருந்த வாய்க்கே சோறில்லை. பப்பாளிப் பிஞ்சை வேகவைத்துத் தின்றார்கள். காட்டில் கசப்புக் கிழங்கு தோண்டினார்கள். எல்லோருக்கும் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது, அதற்குச் சங்கிலி என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். பஞ்சம் தீரும் வரைக்கும் என்று டூஃபியே தன் மகன் பாதூவைக் கையில் பிடித்துக்கொண்டு பிராகோ வீட்டுக்கே வந்துவிட்டாள். கிடைத்ததை ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினார்கள். அந்த வருஷம் பிராகோவின் குழம்பைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

என்சியா எரிந்த தோப்பின் ஓரத்தில் ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்தே நாளைக் கழித்தான். ஒருநாள் பையை எடுத்துக்கொண்டான்.

"எல்லைக்கு அந்தப் பக்கம் போறேன். கோத் திவார்ல கொக்கோ வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாம்."

"அடுத்தவன் மரத்துக்குக் காய் பறிக்கவா?"

"எம் மரம் எரிஞ்சத பாத்துக்கிட்டே உக்கார முடியல, பிராகோ."

அவள் தடுக்கவில்லை. வழிக்கு வேகவைத்த கிழங்கு கட்டிக் கொடுத்தாள்.

மறுவருஷம் வானம் பெய்தது. ஊரே மக்காச்சோளம் போட்டது. வேளாண்மை அலுவலகத்திலும் அதைத்தான் சொன்னார்கள். பசித்த வயிற்றுக்கு மூன்று மாதத்தில் சோறு போடும் பயிர், அதில் தப்பில்லை. பிராகோவும் ஒரு பக்கம் சோளம் போட்டாள். மறுபக்கம் கருகிய கட்டைகளுக்கு நடுவே வாழைக்கன்று ஊன்றினாள். வாழை நிழல் கட்டியதும் ஓடையோரத்து மரங்களின் காய்களை உடைத்து, வெள்ளைச் சதையோடு இருந்த விதைகளை மண்ணில் வைத்தாள்.

டூஃபியே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"பொண்டாட்டி, புத்தி கெட்டுப் போச்சா? இது காய்க்கறப்போ நமக்குப் பல்லே இருக்காது."

"கொக்கோவப் பல்லால கடிச்சா திங்கப் போற? விக்கத்தானே போற."

"கொக்கோ வாங்கறவனே ஊர விட்டுப் போயிட்டான். எடை போடற கொட்டாய்ல ஆடு கட்டியிருக்காங்க."

"ஆட்ட அவுத்து விட்டா திரும்ப வருவான்."

கோடை வந்ததும் கன்றுகள் தலை சாய்ந்தன. ஓடை வற்றி ஒரு குழியாகச் சுருங்கியது. காலை வெளிச்சம் வரும்போதே பிராகோ தலையில் குடத்தோடு நடக்கத் தொடங்குவாள். குடத்துத் தண்ணீர் அந்த மண்ணுக்கு ஒரு மிடறு. ஊற்றிய ஈரம் ஓடிப்போகாமல் இருக்க வாழைத்தண்டைப் பிளந்து ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் போர்த்தினாள். தண்டின் நீரும் மெல்ல மெல்ல மண்ணில் இறங்கும். அப்படியும் செத்தவை செத்தன. செத்த இடத்தில் அடுத்த மழைக்குத் திரும்ப நட்டாள். வழியில் பார்க்கிறவர்கள் "சாம்பலுக்குத் தண்ணி ஊத்துறவ போறா" என்பார்கள். "தாகமா இருக்காம்" என்று சொல்லிவிட்டு அவள் நடப்பாள். தனியாக இருக்கும்போது அவளுக்கும் பயம் இருந்தது. சாயங்காலம் கழுத்து விறைத்துப் போய் உட்கார்ந்திருக்கையில், அவர்கள் சொல்வதுதான் சரியோ என்று தோன்றும். காலையில் குடத்தைத் தூக்கியதும் அந்த நினைப்புக்கு இடமிருக்காது.

இரண்டாம் கோடையில் ஒருநாள் குழிக்கரையில் டூஃபியே குடத்தோடு நின்றாள்.

"என்ன புருஷா, வழி தவறி வந்துட்டியா?"

"பொண்டாட்டி தனியா சாகறா, புருஷன் நெழல்ல படுத்திருக்கான்னு ஊர் பேசுது. எனக்கு மானம் போகுது."

அதற்கப்புறம் இருவராகச் சுமந்தார்கள். ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே சுமந்தார்கள்.

மரங்கள் நிமிர்ந்து, தண்டில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் வெடித்து, காய் பிடித்தபோது கேலி செய்த வாய்களெல்லாம் அடங்கின. பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். விதைக்குக் காய் வேண்டும் என்பதைச் சட்டென்று கேட்க வெட்கம். உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று சுற்றி வளைப்பார்கள்.

"காய் வேணுமா?" என்று பிராகோவே கேட்டுவிடுவாள். "எடுத்துக்கோ. ஆனா ஒருநாள் எங்கூடத் தண்ணி சுமக்கணும்."

சாம்பலுக்குத் தண்ணி ஊத்துறவ என்று அவளுக்குப் பேர் வைத்தவனே முதல் ஆளாகக் குடம் தூக்கினான். அவனுக்குத்தான் நல்ல காயாகப் பொறுக்கிக் கொடுத்தாள். டூஃபியேவுக்கு அது பொறுக்கவில்லை.

"அவனுக்கு ஏன் குடுத்த?"

"அவன் தோட்டத்துக்கும் எந் தோட்டத்துக்கும் நடுவுல வேலி இல்ல. அவன் பக்கம் காஞ்சு கிடந்தா, அடுத்த தீ அவன் வழியாத்தான் எனக்கு வரும்."

சில வருஷத்தில் அகிசிக்ரோமைச் சுற்றி எரிந்த காடெல்லாம் பச்சையானது. கொட்டகையில் ஆட்டை அவிழ்த்துவிட்டுத் தராசு மாட்டினார்கள்.

என்சியா திரும்பியது அப்போதுதான். உடம்பு பாதியாகியிருந்தது, இருமல் விடவில்லை. வந்த மறுநாள் தோப்புக்குப் போகவேண்டும் என்றான். பிராகோ முன்னால் நடந்தாள், அவன் தடியை ஊன்றிப் பின்னால் வந்தான். மரங்களுக்கு நடுவே நின்று ஒரு காயைத் தட்டிப் பார்த்தான். இலைகளுக்கு ஊடே விழுந்த வெயில் அவன் முகத்தில் அசைந்துகொண்டிருந்தது.

"இது யாரோட தோட்டம்?" என்று கேட்டான்.

"உங்களோடதுதான்."

"பொய் சொல்லாத, பிராகோ."

அன்றே முடிவு செய்தான். பெரியவர்களைக் கூட்டி, தோப்பை அவளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சபையில் சொல்லவேண்டும். அவள் நன்றிக்கு மது கொண்டுவந்து வைத்து அவர்கள் அதைக் குடித்துவிட்டால் பேச்சு கல்லில் வெட்டின மாதிரி. உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று காத்திருந்தார்கள். தேறவில்லை. மழை தொடங்கும் முன் அவன் போய்விட்டான்.

கறுப்பும் சிவப்பும் உடுத்துச் சாவுச் சடங்குகளை எல்லாம் முடித்த பிறகு என்சியாவின் குடும்பத்துத் தலைவர் குசி வந்தார். அந்தப் பக்கமெல்லாம் மருமக்கள்வழிதான். ஆண் செத்தால் சொத்து அவனுடைய சகோதரி மகனுக்கு. என்சியாவுக்கு வாரிசு டூஃபியேவின் மகன் பாதூ. அவன் வளர்ந்து குமாசி நகரத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். விதவைக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்று புதுச் சட்டம் வந்திருப்பதாக வானொலியில் சொன்னார்கள்தான். வானொலியில் சொன்னதை அகிசிக்ரோமில் யாரும் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

"உன்னய யாரும் போகச் சொல்லலம்மா" என்றார் குசி. அவர் கெட்டவர் இல்லை, குரல்கூட மென்மையாகத்தான் இருந்தது. "தோட்டம் பாதூவுது. நீ எப்பவும் போலப் பாத்துக்க. விளைச்சல்ல மூணுல ஒரு பங்கு எடுத்துக்க."

மூன்றில் ஒரு பங்கு கூலிக்குப் பார்ப்பவனுக்குத் தருவது. பிராகோ எழுந்து உள்ளே போய் வெட்டுக்கத்தியைக் கொண்டுவந்து அவர் முன்னால் தரையில் வைத்தாள்.

"இதையும் பாதூகிட்ட குடுத்துடுங்க. கூலிக்கு வேற ஆளப் பாருங்க. நான் ஊர்த்தலைவர்கிட்ட பேசிக்கறேன்."

வழக்கு கூடிய அன்று சோளக்கொல்லைக்குக்கூட யாரும் போகவில்லை, அத்தனை பேரும் ஊர்த்தலைவர் வீட்டு முற்றத்தில் இருந்தார்கள். தலைவரிடம் நேராகப் பேசக்கூடாது. பொன்பூசிய கோலோடு பக்கத்தில் நிற்பவரிடம் சொன்னால் அவர் எடுத்துச் சொல்வார். அதனால் ஒவ்வொரு பேச்சும் இரண்டு தடவை காதில் விழும். குசி வழக்கத்தைச் சொன்னார். பிராகோ தன் உழைப்பையும் என்சியா கொடுத்த வாக்கையும் சொன்னாள். நீட்டி முழக்கவில்லை.

"உம் புருஷன் ஒனக்குக் கொடுத்தார்ங்கறதுக்குச் சாட்சி யாரு?" என்று கேட்டார் குசி.

"கொடுக்கறேன்னு சொன்னார். சபை கூட்டறதுக்குள்ள போயிட்டார். சாட்சி இல்ல."

முற்றம் முணுமுணுத்தது. பிராகோ பொய்யாக ஒரு சாட்சியைச் சொல்லியிருக்கலாம், ஊரில் பாதிப்பேர் வந்து நின்றிருப்பார்கள். அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அப்போது எதிர்வரிசையிலிருந்து, குசிக்குப் பின்னால், டூஃபியே எழுந்தாள்.

"கோல்காரரே, தலைவர் நானாவோட காதுல போடுங்க, நான் பேசணும்."

குசி திரும்பினார். "நீ நம்ம பக்கத்து ஆளு. உக்காரு, டூஃபியே."

"நம்ம பக்கத்துலேர்ந்துதானே பேசறேன், பெரியவரே. அந்தப் பக்கம் போகலயே."

தலைவர் கையசைத்தார். டூஃபியே மேல்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"எங்கண்ணன் எல்லை தாண்டிப் போறப்போ அங்க என்ன இருந்துச்சுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். சாம்பல் இருந்துச்சு. அந்தச் சாம்பல் எங்க குடும்பத்துது, யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. எம் மகன் வாரிசுதான், சாம்பல அள்ளிக் குடுங்க, வாங்கிக்கட்டும். மரம் அவ வெச்சது. தண்ணி சுமந்தவங்கள்ல எங்க குடும்பத்து ஆளுன்னா நான் ஒருத்திதான். அதுக்கு நான் பங்கு கேக்கல. பெரியவர் குசி எந்தக் குடம் தூக்கினார்னு அவரே சொல்லட்டும்."

யாரோ சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

"பெத்த பிள்ள வாயில மண்ணப் போடறியே" என்றார் குசி.

"எம் பிள்ளைக்கு லாரி ஓட்டத் தெரியும். சாப்பிட்டுப்பான்."

பாதூ தலையைக் குனிந்துகொண்டு தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிழவியைக் கேட்டுவிட்டு வருகிறோம் என்று பெரியவர்கள் எழுந்தார்கள். அப்படி ஒரு கிழவி யாரும் இல்லை. ஒதுங்கிப் போய்ப் பேசுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் அது. திரும்பி வந்து கோல்காரர் சொன்னார்: தீக்குப் பிறகு நட்ட மரங்கள் எல்லாம் பிராகோவுக்கு, அவளுக்குப் பின் அவள் பிள்ளைகளுக்கு. தீக்கு முன்பே இருந்த ஓடையோரத்து மரங்கள் என்சியாவின் சொத்து, அவை பாதூவுக்கு.

பிராகோவுக்கு அது முழு நியாயமாகப் படவில்லை. ஓடையோரத்து மரங்களிலும் அவள் கை இருந்தது. தீயிலிருந்து காப்பாற்றியதே அவள்தான். வாயைத் திறந்தாள். பிறகு மகனை இழந்தவள் மாதிரி நின்ற டூஃபியேவைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். நன்றிக்கு வைக்கவேண்டிய மது புட்டிகளைக் கொண்டுவரச் சொல்லி அக்யாவை அனுப்பினாள்.

பாதூ தாயிடம் நெடுநாள் பேசவில்லை. குமாசியிலிருந்து வருகிறவர்களிடம் டூஃபியே அவனைப் பற்றி விசாரிப்பாள், சொல்லி அனுப்ப எதுவும் இருக்காது. ஓடையோரத்து மரங்களில் புல்லுருவி படர்ந்தது, கருங்காய் நோய் விழுந்து காய்கள் அழுகின. கடைசியில் ஒருநாள் அவனே பிராகோவின் வாசலில் வந்து நின்றான்.

"அத்தை, எனக்கு அதெல்லாம் தெரியாது. நீங்களே பாத்துக்கறீங்களா?"

"மூணுல ஒண்ணுக்கா?"

"பாதிப் பாதி" என்றான் அவசரமாக.

"சரி. ஆனா காய் உடைக்கற சமயத்துல லாரியோட வந்து மூட்டை ஏத்தணும். அப்படியே உங்கம்மா வீட்லதான் தங்கணும். எங்கிட்ட சாப்பாடு கேக்காத. என் சமையலப் பத்தி உனக்கே தெரியும்."

அவன் அந்த வருஷமே வந்தான். டூஃபியே அவனைப் பார்த்ததும் உரலை எடுத்து வைத்து ஃபுஃபு இடிக்கத் தொடங்கினாள்.

சில வருஷம் கழித்து, டிசம்பரில் விவசாயிகள் நாள் கொண்டாட்டத்துக்கு பிராகோவை மாவட்டத் தலைநகர் கோவாசோவுக்கு அழைத்தார்கள். ஒரு ஊரையே கொக்கோவுக்குத் திருப்பியவள் என்று ஒலிபெருக்கியில் சொல்லி, வெட்டுக்கத்திகளும் மருந்தடிக்கும் கருவியும் ரப்பர் பூட்ஸும் கொடுத்தார்கள். பூட்ஸ் ஆண்கள் அளவு, அவளுடைய இரண்டு காலும் ஒன்றிலேயே நுழையும். பந்தலில் உட்கார்ந்திருந்த டூஃபியே பக்கத்திலிருந்தவளிடம், "பரவால்ல, அதுல குழம்பு வைக்கலாம்" என்றாள்.

பேசச் சொன்னார்கள். பிராகோ ஒலிவாங்கியைக் கையில் வாங்காமல், தள்ளி நின்றே அதைப் பார்த்தாள்.

"கூப்பிட்டீங்க, வந்தேன். சந்தோஷம்" என்றாள். "நாளைக்கு எங்க தோட்டத்துல காய் உடைக்கறோம். குமிச்சு வெச்சது நெறைய இருக்கு. கை சும்மா இருக்கறவங்க வாங்க."

கூட்டம் சிரித்தது. மறுநாள் காலை பனி விலகும் முன்பே அகிசிக்ரோம்காரர்கள் தோப்பில் காய்க் குவியலைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். கோவாசோவிலிருந்துகூட இருவர் வந்திருந்தார்கள். பிராகோ அவர்கள் கையில் ஆளுக்கொரு கட்டையைக் கொடுத்து, விதை நசுங்காமல் எப்படித் தட்டுவது என்று ஒரு காயை உடைத்துக் காட்டிவிட்டு, விதையை மூடிப் புளிக்கவைக்க வாழையிலை வெட்டப் போனாள்.